உஷார்! வாழைக்கன்றின் பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மாரி இறங்குமுன் வாழை வைக்க நிலம் திருத்திக்கொண்டிருக்கும் மன்னார்க்காரருக்கு ஓர் அவசரச் செய்தி. இழைய வளர்ப்பு வாழைக்கன்று வாங்கப் போகிறீர்களா? கன்று பச்சைப்பசேலென்று இருக்கிறது, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கிறது என்பதற்காகக் காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பச்சை போத்தலுக்குள் சீனி ஊட்டி வளர்த்த பச்சையாக இருக்கலாம். உங்கள் வளவின் வெயிலிலும் காற்றிலும் மூன்று நாள் தாங்காத பச்சையாக இருக்கலாம். நட்டு ஒரு கிழமையில் கன்று கருகினால் நீங்கள் உங்கள் மண்ணைத் திட்டுவீர்கள், கிணற்றைத் திட்டுவீர்கள். விற்றவரும் அதையேதான் சொல்வார்: "அண்ணை, உங்கட தண்ணி சரியில்லை." உண்மையில் பல வேளைகளில் அந்தக் கன்று நாற்றுமேடையை விட்டு வந்த அன்றே பாதி செத்துத்தான் வந்திருக்கும்.

இழைய வளர்ப்பு கெட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நல்ல தாய்வாழையின் குருத்து நுனியை எடுத்துக் கிருமி நீக்கி, 1962ஆம் ஆண்டு முராசிகியும் ஸ்கூக்கும் வகுத்த உப்புக் கலவையில் வளர்த்து, ஒன்றை ஆயிரமாக்குகிறார்கள். வட்டப்புழுவும் தண்டுக் கூன்வண்டும் ஒட்டாத கன்று கிடைக்கிறது. எல்லாக் கன்றும் ஒன்றாய்ப் பூத்து ஒன்றாய்க் குலை தள்ளுகிறது. பக்கத்து வளவில் கிண்டிய குட்டி இத்தனை சுத்தமாய் இருக்காது. ஆனால் குட்டிக்கு இல்லாத ஒரு பலவீனம் இந்தக் கன்றுக்கு உண்டு. நம் ஊரில் அது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே தண்டிக்கப்படும்.

போத்தலுக்குள் அந்தக் கன்று எப்படி வாழ்ந்தது என்று பாருங்கள். ஒரு லீற்றர் ஊடகத்துக்கு 30 கிராம் அளவில் சீனி. வெப்பம் 25 பாகையில் அசையாமல் நிற்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூறு வீதம். குழாய் விளக்கிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸ் வெளிச்சம். காற்றோட்டம் என்ற ஒன்றே இல்லை. வெளியே நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் அளவில் அடிக்கும். போத்தலுக்குள் சாப்பாடு வாயருகே வந்துவிடுவதால் இலை உழைத்துச் சமைக்க வேண்டியதில்லை. ஒளித்தொகுப்பு பேருக்குத்தான் நடக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும் என்ற பயமும் இல்லாததால் இலையின் மேல் மெழுகுப் படலம் ஒழுங்காகப் படியாது. இலைவாய்கள் திறந்தபடியே கிடந்து பழகிவிடும். சாதாரண வாழை, வெயில் ஏறித் தண்ணீர் குறைந்தால் இலைவாயை மூடிக்கொள்ளும். போத்தல் இலைக்கு அந்த மூடும் பழக்கமே சரியாக வராது. வேரின் நிலையும் அப்படித்தான். கூழில் ஊறிய வேரில் வேர்மயிர் அரிது, தொட்டால் ஒடியும், மண்ணிலிருந்து தண்ணீர் இழுக்கும் வலு அதற்குக் குறைவு. மேலே திறந்த வாய், கீழே வலுவற்ற வேர். இந்த நிலையில் வெளியே எடுத்து வைத்தால் அரைநாளில் வாடுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்காகத்தான் வன்மையாக்கல் என்ற கட்டம் இருக்கிறது. முதலில் நாலு முதல் ஆறு கிழமை வரை, மூடிய ஈரக் கூடாரத்தில் வைத்து ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். பின்னர் பொலித்தீன் பைக்கு மாற்றி நிழல்வலையின் கீழ் இன்னும் ஆறு முதல் எட்டுக் கிழமை. ஆக, போத்தலை விட்டு வெளியேறிய கன்று தோட்டத்துக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். காசுக்கு அவசரப்படுபவர் கைவைப்பது இந்த மூன்று மாதத்தில்தான். நிழலுக்குள் யூரியாக் கரைசலை அடித்து, இலையைக் கரும்பச்சையாக்கி, ஆறேழு கிழமையிலேயே ஏற்றிவிடுவார். பார்ப்பவருக்குக் கன்று கொழுகொழுவென்று தெரியும்.

இங்கே மன்னார்க்காரர் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. போத்தலில் பிறந்த இலை வெளியே வந்து முழுதாகத் திருந்துவதில்லை. அது கொஞ்ச நாள் உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டு உதிரும் இலை. கன்றைக் காப்பாற்றப் போவது வெளியே வந்த பிறகு விரியும் புது இலைதான். மெழுகும் இலைவாயும் ஒழுங்காக அமைவது அதில்தான். ஆகவே கன்றின் உடல்நலத்தை அளக்கும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" என்பதாக இருக்கக்கூடாது. "வெளியே வந்து எத்தனை இலை?" என்று கேளுங்கள். அதற்கடுத்த கேள்வியும் உண்டு: "வெளியே என்றால் எங்கே?" கண்டிப் பக்கத்து ஈரக்காற்றில், எழுபத்தைந்து வீத நிழல்வலையின் கீழ் விரிந்த இலை, அந்த ஊருக்குத்தான் பழகிய இலை. பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் அது இன்னொரு போத்தல் இலை மாதிரித்தான். வன்மையாக்கிய கன்று என்று அட்டையில் எழுதியிருப்பது பொய்யாக இருக்காது. எந்த ஊருக்கு வன்மையாக்கியது என்பது மட்டும் அட்டையில் இருக்காது.

நம் ஊரின் குணம் நமக்குத் தெரியும். ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றருக்கும் குறைவான மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு நீண்ட கோடை. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று. அந்தக் காற்றின் வலுவுக்குச் சாட்சி வேண்டுமென்றால் மன்னார்த் தீவின் தென்கரையைப் பாருங்கள். 2020 டிசெம்பரில் திறந்துவைத்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று மின்சாரம் எடுக்க வந்து நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். மின்சாரசபைக்கு வரமாய் வந்த காற்று, மூன்று மாதக் கன்றின் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும், உப்புத் தூவானத்தையும் அதன்மேல் பூசிவிட்டுப் போகும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே, அது பிழைக்கவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபிரிக்க வரட்சியில் பிறந்து, தண்டுக்குள் தண்ணீரைச் சேர்த்துவைக்கப் பழகிய சாதி. வாழையோ இலையை விரித்துத் தண்ணீரை வாரி இறைக்கும் சாதி.

சரி, வாங்கும் இடத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் பையைக் கிழியுங்கள். ஆம், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நூறு கன்று வாங்குபவர் நாலைந்து கன்றின் பையைக் கிழித்துப் பார்ப்பது நியாயம். அந்த நாலைந்தையும் அவர் முன்னால் எடுத்து வைப்பதில் இருந்து எடுக்காமல், நீங்களே நடுவிலிருந்தும் மூலையிலிருந்தும் உருவுங்கள். தேறிய கன்றுக்கு 25 முதல் 30 வேர் இருக்க வேண்டும், பல வேர்கள் 15 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். வெள்ளையாக, பக்கவேர் விட்டு, மண்ணைக் கவ்வி நிற்க வேண்டும். பழுப்பேறிக் கையில் வழுக்கினால் அழுகல். வேர் பையின் அடியில் கயிறு திரித்தாற்போல் சுற்றியிருந்தால் கன்று வயது கடந்து பையிலேயே கிடந்திருக்கிறது. அதுவும் வேண்டாம். உயரம் 30 சென்ரிமீற்றர் அளவில், தண்டின் சுற்றளவு அடியில் 5, 6 சென்ரிமீற்றர், உயிருள்ள இலை ஐந்தாறு, இலைக்கும் இலைக்கும் இடையில் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத இடைவெளி. இந்தியாவில் இழைய வளர்ப்பு வாழைக்குப் பரிந்துரைக்கும் அளவுகள் இவை. நமக்கும் பொருந்தும். உயரம் மட்டும் இருந்து தண்டு சுள்ளிபோல் மெலிந்திருந்தால், வெளிச்சம் போதாமல் இழுபட்டு வளர்ந்த கன்று என்று ஒதுக்குங்கள்.

அடுத்தது நண்பகல் சோதனை. காலை பத்து மணிக்கு நாலைந்து கன்றை நிழல்வலைக்கு வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மதியம் வாழை இலை நடுநரம்பின் இருபக்கமும் கீழே மடிவது இயல்பு. அது வாழையின் தற்காப்பு, பயப்பட வேண்டாம். பின்னேரம் நாலரை, ஐந்துக்கு மடிப்பு விரிந்துவிட்டால் கன்று தேறும். மடிந்தது மடிந்தபடி கிடந்தால், அல்லது காம்பே துவண்டு தொங்கினால், இலைவாய் மூடத் தெரியாத கன்று அது. இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால் ஓர் இலையை நறுக்கி நிழலில் தொங்கவிட்டுப் பாருங்கள். பழகிய இலை நெடுநேரம் விறைப்பாய் இருக்கும், பழகாத இலை சற்று நேரத்தில் நனைந்த துணிபோல் ஆகிவிடும். ஆய்வுகூடத்தில் இதற்குக் கருவி உண்டு. இலையைக் கொஞ்சநேரம் இருட்டில் வைத்து, பிறகு ஒளி பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் ஒளியை அளப்பார்கள். சுகமான இலையில் அந்த அளவு 0.83 அளவில் நிற்கும், நெருக்கடியில் இருக்கும் இலையில் கீழே இறங்கும். நமக்கு அந்தக் கருவி கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் பின்னேர மடிப்பைப் பார்க்கும் கண் போதும்.

இனி, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. இங்கேதான் பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள். வந்த அன்றே குழியில் வைக்காதீர்கள். பனையோலை மறைப்போ கிடுகுப் பந்தலோ போட்டு, அரைநிழலில் உங்கள் வளவிலேயே இரண்டு மூன்று கிழமை வைத்திருங்கள். நாளுக்கு நாள் ஓலையை விலக்கி வெயிலைக் கூட்டுங்கள். கணக்கு எளிது: நம் காற்றில், நம் தண்ணீரில், புதிதாக இரண்டு இலை முழுதாய் விரியும் வரை நடவு இல்லை. நல்ல கன்று ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை விடும். பதினைந்து நாளாகியும் குருத்து அசையவில்லை என்றால் அது பச்சையாய் இருந்தாலும் நின்றுபோன கன்று. குருத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கோடு நகர்ந்திருக்கிறதா என்பதைவிடப் பெரிய பரிசோதனை எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை.

இந்த மூன்று கிழமையில் இலையில் ஏதாவது தெரியும். தெரிந்ததும் கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிப்பதுதான் நம் வழக்கம். பொறுங்கள், முதலில் கருகல் எங்கே விழுந்திருக்கிறதென்று பாருங்கள். காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும், அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் கருகியிருந்தால் அது கடல் உப்பு. பின்னேரத்தில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, மறைப்பைக் கட்டினால் போதும். கன்றின் எல்லாப் பக்கமும், மூத்த இலைகளின் விளிம்பு நெடுகப் பழுத்துப் பின் கருகிக்கொண்டு வந்தால் உப்பு வேர் வழியாக ஏறுகிறது. அது கிணற்றுப் பிரச்சினை, அல்லது பைமண் பிரச்சினை. வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் இலையின் நடுவில் வெளிறிய வெள்ளைத் திட்டு விழுந்தால் வெயில் சுட்டது, ஓலையை அவசரப்பட்டு விலக்கிவிட்டீர்கள். இலை நாராகக் கிழிந்திருந்தால் வெறும் காற்றுதான், கிழிந்த இலையும் வேலை செய்யும். கவண்டிஷ் வகைக் கன்றின் இளம் இலையில் செம்பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம். இழைய வளர்ப்புக் கன்றில் அது சாதாரணம், வளர வளர மறைந்துவிடும். நல்ல கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கெட்டதை மருந்தடித்துக் காப்பாற்றப் பார்ப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மன்னார்த் தீவில் நிலத்தடி நல்ல தண்ணீர் என்பது கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். மழையில் தடிக்கும், கோடையில் மெலியும். இயந்திரம் வைத்து இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்பு ஏறிவரும். தை மாதத்தில் குடித்துப் பார்த்து "நல்ல தண்ணி" என்று முடிவெடுக்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் அதே கிணற்றை அளந்து பாருங்கள். தண்ணீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதே வாழை வருந்தத் தொடங்கும், இளங்கன்று அதற்கும் முன்னதாகவே. அளக்கும் கருவி கையடக்கமானது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கோடைத் தண்ணீர் எல்லையைத் தாண்டுகிறதென்றால் அந்தக் கிணற்றை நம்பி வாழை வைக்க வேண்டாம். தென்னையும் முருங்கையும் வையுங்கள். ஆசை பெரிதுதான், உப்பு அதைவிடப் பெரிது.

பைமண்ணும் ஒரு மறைந்த எதிரி. பல நாற்றுமேடைகளில் கன்று நிற்பது தென்னந்தும்புத் தூளில். மட்டையை உவர்நீரில் ஊறவைத்து எடுத்த தும்பின் தூளைக் கழுவாமல் நிரப்பினால் கன்று உப்பிலேயே பிறந்து வளர்கிறது. பையை நன்றாக நனைத்து, கீழே வடியும் தண்ணீரை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பெருநிலத்தில் கதை வேறு. முருங்கன் பக்கத்துக் கருங்களிமண் பெயர்பெற்றது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே இங்கிருந்துதான் களி போனது. நெல்லுக்கு அது தங்கம். போத்தலில் பிறந்த வேருக்கு அதே மண் இரட்டை ஆபத்து. மாரியில் தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை மூச்சுத்திணற வைக்கும், கோடையில் பிளந்து அதே வேரை அறுக்கும். கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் தண்ணீர் கிடைப்பவர்கள் உப்புப் பயம் குறைவென்று சந்தோசப்படலாம். ஆனால் மேட்டுப்பாத்தி எடுத்து, மாட்டெருவும் மணலும் கலந்த குழியில் நட்டால்தான் தப்பலாம்.

அடுத்த ஆபத்து வைரசு. இது வன்மையாக்கலால் போகாது. முடிக்கொத்து நோய் நமக்குப் புதியதும் அல்ல. 1913 அளவிலேயே இலங்கையில் பதிவான நோய் அது. 1940 அளவில் இங்கிருந்துதான் கேரளத்துக்குப் போனது என்று இந்தியப் பயிர்நோய் நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. பழனி மலையடுக்கில் விருப்பாச்சி வாழையைச் சூறையாடியதும் இதே நோய். பிறகு அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வைரசு இல்லாத இழைய வளர்ப்புக் கன்றைக் கொண்டுதான் அந்த வாழைக்கு மறுவாழ்வு கொடுத்தது. ஆகவே இழைய வளர்ப்பு மருந்தாகவும் முடியும், நோயை ஆயிரமாய்ப் பெருக்கும் இயந்திரமாகவும் முடியும். தாய்வாழையை வைரசுப் பரிசோதனை செய்தார்களா என்பதில் இருக்கிறது எல்லாம். நோயுள்ள ஒரு தாயிலிருந்து ஆயிரம் கன்று எடுத்தால் ஆயிரத்திலும் நோய் இருக்கலாம். போத்தலில் அது தெரியாது, பையிலும் தெரியாமல் போகலாம். இலங்கையில் விவசாயத் திணைக்களத்துக்கு ஹோமாகமவில் வைரசுப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. பரிசோதித்த சான்று உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

இன்னொரு குழப்பம், குள்ளக் கன்று. குருத்து நுனியை ஏழெட்டுத் தடவைக்கு மேல் பிரித்துப் பிரித்து வளர்த்தால் மரபு பிசகிய கன்றுகள் கூடும். அதில் கூடுதலாய் வருவது குள்ளன். குள்ளனும் முடிக்கொத்துக் கன்றும் இரண்டும் கட்டையாய், இலைகள் நெருங்கி, கொத்தாய்த்தான் தெரியும். பிரித்தறிய வழி இது: குள்ளனின் இலை அகலம், நீளம் குறைவு, காம்பு தடித்துக் கட்டை, இலை சாய்ந்து விழும். நோய்க் கன்றின் இலை ஒடுங்கி, நிமிர்ந்து, விளிம்பு மஞ்சளித்து நிற்கும். காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் புள்ளியும் கோடுமாய்க் கரும்பச்சைத் தடம் இருக்கும். வெயிலுக்கு எதிராய் இலையைப் பிடித்துப் பார்த்தால் தெளிவாய்த் தெரியும். குள்ளன் என்றால் ஒதுக்கினால் போதும். நோயென்றால் முதலில் மருந்தடித்து, அதைப் பரப்பும் பூச்சியான அழுக்கணவனைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு கிண்டி அழியுங்கள். அப்படியே பிடுங்கினால் பூச்சி பக்கத்துக் கன்றுக்குத் தாவிவிடும். கதலி, கோழிக்கூடு, மொந்தன் போன்றவற்றின் மரபில் காட்டு வாழையான பல்பிசியானாவின் பங்கும் உண்டு. அந்த மரபுக்குள் கோட்டு வைரசு என்ற வேறொரு வைரசின் துண்டுகள் உறங்கிக் கிடப்பதும், சில இனங்களில் போத்தல் வாழ்க்கையின் நெருக்கடி அதை எழுப்பிவிடுவதும் ஆய்வில் கண்ட உண்மை. பிசகிய கன்றெல்லாம் குப்பை என்றும் சொல்ல முடியாது. தைவான்காரர் அப்படிப் பிசகிய கவண்டிஷ் கன்றுகளைத் துருவித்தான் பனாமா வாடலைத் தாங்கும் வகைகளைக் கண்டெடுத்தார்கள். அது ஆய்வுநிலையத்தின் வேலை. உங்கள் கால் ஏக்கர் அதற்கான களம் அல்ல.

வத்தகையும் பூசணியும் கெக்கரியும் போட்ட நிலத்தின் ஓரத்தில் புதுக்கன்று வைக்காதீர்கள். இதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அந்தக் கொடிகளில் இருக்கும் வெள்ளரித் தேமல் வைரசை அழுக்கணவன் கொண்டுவந்து ஏற்றும். கிழங்கில் சேமிப்புள்ள குட்டியைவிட இழைய வளர்ப்புக் கன்று முதல் சில மாதங்களில் அதற்கு எளிதில் பலியாகும். ஊடுபயிராய் நாலு பூசணி போட்டால் என்ன என்று கேட்டால், நாலு பூசணிதான் மிஞ்சும்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகில் கன்று வருகிறது, விலை குறைவு என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் பனாமா வாடலின் நாலாம் வகை புகுந்து கவண்டிஷ் தோட்டங்களை அழித்திருக்கிறது. அது மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும், மருந்தும் இல்லை. ஒரு பைமண் போதும், ஒரு பிரதேசமே போகும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்கு அனுமதியும் பரிசோதனையும் கேட்பது சும்மா இல்லை.

கடல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் கரைக்கு எதிரே மண்டபத்தில் இருக்கும் இந்திய உப்பு, கடல் இரசாயன ஆய்வு நிறுவனத்தின் நிலையம் கப்பாபைக்கஸ் கடற்பாசியையும் இழைய வளர்ப்பில் பெருக்கி மீனவப் பெண்களுக்குக் கொடுக்கிறது. 2013, 2014 காலத்தில் அந்தக் கரையில் பழைய விதைப்பாசி பெருமளவில் செத்து, தொழிலே படுத்துப்போன அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆய்வுகூடத்துத் தொட்டிப் பாசியை நேரே கடலில் கட்டினால் கூடாது, படிப்படியாய்க் கடலுக்குப் பழக்க வேண்டும் என்பது அங்கும் பாடம். நம் வடகரையிலும் பாசி வளர்ப்பு இருக்கிறது. விதைப்பாசி வாங்குபவர்களும் இதே உஷாரோடு இருங்கள்.

நடும் காலம்: மாரியின் முதல் நல்ல மழைக்குப் பின். காலபோகத்து மழையில் வேர் பிடித்து, சோளகம் எழும்புமுன் ஐந்தாறு மாதம் கன்றுக்குக் கிடைக்கும். சித்திரையில் மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கி வைகாசியில் வைப்பது கன்றைக் கொண்டுபோய்க் காற்றின் வாயில் கொடுப்பது. பின்னேரத்தில் நடுங்கள், பையில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள், தென்மேற்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து நாளாவது ஓலை மறைப்பு இருக்கட்டும். நிரந்தர மறைப்புக்குத் தகரவேலி வேண்டாம். காற்று தகரத்தில் மோதி மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து கன்றை முறிக்கும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் கிடுகு வேலியும், அதற்குப் பின்னால் கிளிசிறியா வரிசையும்தான் நல்லது. மன்னார்ப் பட்டினத்துக்காரருக்கு வேலி இன்னொரு காரணத்துக்காகவும் தேவை, கழுதைகள் வன்மையாக்கிய கன்றா இல்லையா என்று பார்ப்பதில்லை.

இந்த மாரிக்குக் கன்று வாங்கும்போது பற்றுச்சீட்டில் நாலு விபரம் எழுதி வாங்குங்கள்: இனத்தின் பெயர், தாய்வாழைக்கு வைரசுப் பரிசோதனை செய்த இடம், போத்தலை விட்டு வெளியே எடுத்த திகதி, கடைசியாய் நின்ற நாற்றுமேடை எந்த ஊர். எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வளவில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நாலு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்.